ஒரு நொடி வெண்கலம்

இஸ்தான்புல்லின் டூனெல் சுரங்க ரயிலுக்கு இரண்டே நிலையங்கள்தான். 1875இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலில் ஏறி மேட்டு நிலையத்தில் இறங்கி, கலாட்டா கோபுரத்தை நோக்கிச் சரிவில் நடந்தால் காலிப் தெதே தெரு வரும். தெருவின் தலைப்பில் 1491இல் தொடங்கப்பட்ட மெவ்லவி சூஃபி மடம் இருக்கிறது. சுழன்றாடும் தர்வீஷ்களின் அந்த மடம் இப்போது அருங்காட்சியகம். அதைத் தாண்டினால் இருபுறமும் இசைக்கருவிக் கடைகள்: ஊத், சாஸ், கிளாரினெட், கித்தார். அவற்றுக்கு நடுவே, ஒரு கடையின் சுவரில், சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய வெண்கல வட்டங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. நான் தேடி வந்தது அதில் ஒன்றை.

மொழிபெயர்ப்பாளர் சந்திப்பு ஒன்றுக்காக இஸ்தான்புல் கிளம்பியபோது, சென்னையில் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் மகன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எட்டு இஞ்ச் ஸ்பிளாஷ் ஒண்ணு வாங்கிட்டு வாங்க அத்தை. கையால அடிச்சதா இருக்கணும்." ஒரு ஜால்ராவுக்கா இத்தனை பாடு என்றேன். "தயவுசெஞ்சு ஜால்ரான்னு சொல்லாதீங்க" என்றான். தமிழில் அந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதி அது.

டிரம்ஸ் வாசிப்பவரைச் சுற்றி நிற்கும் சிம்பல்களில் பெரியவற்றுக்குப் பொறுப்பு அதிகம். ஹை-ஹாட் தாளத்தைப் பிடித்திருக்கும். ரைட் பாட்டைச் சுமந்துகொண்டு போகும். கிராஷ் திருப்பங்களில் முழங்கும். இவற்றின் இடுக்குகளில் ஆறு அங்குலம் முதல் பன்னிரண்டு அங்குலம் வரையிலான சில குட்டிகள் செருகப்பட்டிருக்கும். பாட்டு முழுவதிலும் அவற்றுக்கு நாலைந்து அடிதான் விழும். ஆனால் அந்த அடி இல்லாவிட்டால், காற்புள்ளி இல்லாத வாக்கியம்போல ஏதோ இடறும்.

கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். நடுத்துளையில் விரலை நுழைத்துத் தொங்கவிட்டு, குச்சியின் தோள்பட்டையால் விளிம்பைச் சாய்வாகத் தொட்டார். ஸ்பிளாஷின் ஒலி சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் போன்றது. சட்டென்று எழுந்து, என்னவென்று கவனிப்பதற்குள் அடங்கிவிடுகிறது. தகடு மெல்லியது, எடை குறைவு. அதனால் அடித்த உடனே முழுவதும் அதிர்ந்து, வாங்கிய விசையை வேகமாகக் காற்றில் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

அதே அளவில் தடித்ததாக வார்த்தால் அது பெல். பூஜை மணிபோலக் கணீரென்று நின்று நெடுநேரம் கரையும். விளிம்பை மேல்நோக்கி மடித்தது சைனா. அந்த மடிப்பு அதிர்வை உடைத்துப் போடுவதால், அடுக்களையில் ஈயச்சட்டியின் மூடி விழுந்ததுபோல முரட்டு ஒலி வரும். இரண்டைக் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கினால் ஸ்டாக். ஒன்றின் அதிர்வை மற்றொன்று தின்றுவிட, மிஞ்சுவது 'சரக்' என்ற ஒரு வெட்டு. சிவமணியின் மேடையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குட்டிகள் எல்லாம் பழக்கமானவைதான், பெயர்தான் தெரிந்திருக்காது.

இவற்றுக்குப் பிறந்தகம் அமெரிக்க நாடக மேடைகளும் மௌனப்படக் கொட்டகைகளும். 1920களில் அங்கே உட்கார்ந்திருந்த டிரம்ஸ் கலைஞர்தான் குதிரைக் குளம்பொலிக்கும் ரயிலின் கடகடப்புக்கும் பொறுப்பு. நாயகன் வழுக்கி விழுந்தால் ஒரு சின்னச் சிம்பலை அடித்து உடனே கையால் பிடித்து ஒலியை நிறுத்துவார். 1927க்குப் பிறகு பேசும் படங்கள் அந்த வேலையைப் பறித்தன. சிம்பல் ஜாஸ் குழுக்களோடு தொற்றிக்கொண்டு பிழைத்தது. பின்னர் பல காலம் ஓரங்கட்டப்பட்டிருந்த ஸ்பிளாஷை 1970களின் இறுதியில் 'தி போலீஸ்' குழுவின் ஸ்டூவர்ட் கோப்லண்ட் மறுபடி நடுவே கொண்டுவந்தார். சிறுவயதில் கெய்ரோவிலும் பெய்ரூட்டிலும் வளர்ந்தவர் அவர்.

ஆனால் உலோகத்தின் ஊர் இதுதான். துருக்கியில் சிம்பலுக்குப் பெயர் 'ஸில்'. நடனக்காரிகள் விரலில் மாட்டும் சிறு தாளமும் ஸில், வீட்டு வாசலின் அழைப்புமணியும் ஸில். ஒட்டோமான் சுல்தான்களின் ஜானிசரிப் படைக்கு முன்னால் மெஹ்தர் வாத்தியக் குழு சிம்பல் அடித்தபடி சென்றது. அந்த ஓசையை வியன்னா கேட்டது. 1782இல் மொஸார்ட் தன் துருக்கியக் கதை ஓபராவில் அதைச் சேர்த்தார். 1826இல் ஜானிசரிப் படை கலைக்கப்பட்டது. மெஹ்தர் இசையை இன்று ஹார்பியே பகுதி ராணுவ அருங்காட்சியகத்தில் கேட்கலாம்.

மர்மாராக் கடலோரம் இருக்கும் சமாத்யா, ஆர்மீனியர்களின் பழைய குடியிருப்பு. அவெதிஸ் என்ற ரசவாதி பொன் செய்யப் போய், 1618வாக்கில் இந்த வெண்கலத்தைக் கண்டார் என்பது குடும்பக் கதை. 1623இல் அங்கே தனிப்பட்டறை வைத்தார். 'ஸில்ஜி' என்றால் சிம்பல் செய்பவர், 'யான்' ஆர்மீனிய வாரிசுப் பெயரின் விகுதி. இரண்டும் சேர்ந்தது ஸில்ஜியான். பின்னாளில் அதே பெயருடைய ஒரு வாரிசு 1909இல் அமெரிக்கா போய் மிட்டாய் வியாபாரம் செய்தார். குடும்பப் பொறுப்பு கைக்கு வந்ததும் 1929இல் மாசசூசெட்ஸ் மாநிலம் குவின்சியில் தொழிற்சாலை திறந்தார். ஜாஸ் கலைஞர்கள் கேட்கக் கேட்க, தகடு மெலிந்தது.

இஸ்தான்புல் கிளையின் உரிமை 1968இல் அமெரிக்க நிறுவனத்திடம் போனது. 1977இல் இங்கிருந்த பட்டறை மூடப்பட்டது. சமாத்யாவில் பிறந்த பெயரை இஸ்தான்புல்லில் யாரும் சிம்பலில் பொறிக்க முடியாத நிலை.

பட்டறையில் வேலை செய்தவர்களின் கதி? அங்கே சிறுவயதில் சேர்ந்து தொழில் கற்ற இருவர், ஆர்மீனியரான ஆகோப் தொமுர்ஜுக், துருக்கியரான மெஹ்மத் தம்தேயெர், 1980களின் தொடக்கத்தில் மறுபடி உலை மூட்டினார்கள். பெயர் இல்லாததால் ஊரின் பெயரையே பொறித்தார்கள்: இஸ்தான்புல். ஒவ்வொரு சிம்பலிலும் இருவரின் கையெழுத்தும் இருந்தது. 1996இல் ஆகோப் இறந்த பிறகு நிறுவனம் இரண்டானது. ஒன்று ஆகோப் பெயரில், ஒன்று மெஹ்மத் பெயரில். ஊர்ப்பெயரை இருவருமே விடவில்லை.

கடைக்காரர் எனக்கு அவசரமாக விற்க மறுத்தார். "வெள்ளிக்கிழமை சரக்கு எடுக்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள்" என்றார். நகரின் ஓரத்தில் தகரக்கூரை போட்ட ஒரு சிறு பட்டறை. வாசலிலேயே புகையும் சுத்தியல் சத்தமும் எதிர்கொண்டன. செம்பு எண்பது பங்கு, வெள்ளீயம் இருபது பங்கு. உருக்கி ஊற்றினால் தடித்த அடைபோல ஒரு வில்லை. அதை விறகு அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு நடுவே விட்டு மெலியவைத்து, மறுபடி காய்ச்சுகிறார்கள். பிறகு தண்ணீரில் முக்குகிறார்கள். எஃகை இப்படி முக்கினால் இறுகும். வெள்ளீயம் மிகுந்த வெண்கலமோ இளகுகிறது. முக்காமல் ஆறவிட்ட தகடு முதல் அடியிலேயே கண்ணாடிபோல உடையும்.

இந்தச் சூட்சுமம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. நீலகிரியின் ஈமச்சின்னங்களிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த மெல்லிய கிண்ணங்களில் இதே முறையில் அடித்து முக்கிய வெண்கலத்தை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அசாமின் சார்த்தேபாரியில் வெண்கலக் கன்னார்கள் இன்றும் 'போர்தால்' என்ற பெரிய தாளங்களைச் செய்கிறார்கள்.

பட்டறையின் மூலையில் ஒரு முதியவர் இரும்புப் பட்டடைமேல் எட்டு அங்குலத் தகட்டைச் சுழற்றிச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை 'உஸ்தா' என்றார்கள். நம் சங்கீத உலகின் 'உஸ்தாத்'தான் அது. சின்னது என்பதால் சுலபமா என்று கேட்டேன். கடைக்காரர் மொழிபெயர்க்க, உஸ்தா சிரித்தார். "இருபது அங்குலத்தில் நான்கு அடி தப்பாக விழுந்தாலும் தகடு மன்னித்துவிடும். இதில் ஒன்று தப்பினாலும் காட்டிக்கொடுக்கும். கடைசலில் ஒரு இழை கூடுதலாகச் சீவினால் தகரம், குறைவாகச் சீவினால் மணி."

கடைசல் எந்திரத்தில் கரும்பொருக்கு சுருள்சுருளாக உதிர்ந்து பொன்னிறம் வெளிப்பட்டது. உஸ்தா தகட்டை விரலில் மாட்டினார், தட்டினார். தகட்டைப் பார்க்காமல், எதிரே நின்ற பையனின் முகத்தைப் பார்த்தார். பையன் உதட்டைப் பிதுக்கினான். உஸ்தா மறுபடி இரண்டு இடத்தில் அடித்தார். தட்டினார். இந்த முறை பையன் தலையசைத்தான்.

திரும்பும் வழியில் கடைக்காரர் விளக்கினார். பல்லாண்டுச் சுத்தியல் சத்தத்தில் முதலில் போவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். ரைட் சிம்பலின் கார்வை உஸ்தாவுக்கு இன்னும் கேட்கிறது. ஸ்பிளாஷின் உயிரே உச்ச ஒலியில்தான், அது எட்டுவதில்லை. விரல்நுனியில் அதிர்வு தெரிகிறது, மீதிக்குப் பையனின் காது. அந்தப் பையன் மட்டும் இப்போது காதடைப்பான் போட்டுக்கொண்டு அடிக்கிறான், தட்டிப் பார்க்கும்போது கழற்றுகிறான். உஸ்தாவின் சொந்த மகன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஜெர்மனி போய்விட்டான். "பையன் இருக்கும்வரை எட்டு அங்குலம் வரும்" என்றார் கடைக்காரர்.

பையன் தலையசைத்த அந்தத் தகடு சில வாரம் அலமாரியில் கிடந்து ஒலி அடங்கிப் பதப்பட வேண்டுமாம். அதே கைகள் முன்பே செய்து பதப்பட்டிருந்த இன்னொன்றை வாங்கிக்கொண்டேன். புடவை மடிப்புகளுக்கு நடுவே அது சென்னை வந்து சேர்ந்தது.

அண்ணன் மகன் அதை விரலில் தொங்கவிட்டு, குச்சியால் விளிம்பைச் சாய்வாகத் தொட்டான். தோசைக்கல்லில் தண்ணீர் பட்டு அடங்கியது. இன்னொரு தரம் தட்டிவிட்டு, "யார் அத்தை செஞ்சது?" என்றான். தகட்டில் ஊர்ப்பெயர் மட்டும்தான் பொறித்திருந்தது. உஸ்தாவையும் அந்தப் பையனையும் பற்றிச் சொன்னேன்.

அவன் பதில் பேசவில்லை. அடுத்த வாரம் கச்சேரிக்குக் கிளம்பும்போது, இதுவரை வேண்டாம் என்று அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த காதடைப்பானைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.