நாவிற்குத் திரும்பிய பாடல்

ஒருவர் இவ்வுலகை நீத்த பின்னும் அவர் உடுத்திய உடை இருக்கிறது. கைப்பட எழுதிய கடிதம் இருக்கிறது. கூடத்துச் சுவரில் படமும் இருக்கிறது. குரல் மட்டும் இருப்பதில்லை. நெடுங்காலம் மனிதகுலம் இதை மாற்றவியலாத நியதியாகவே ஏற்றிருந்தது. 1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் உருவாக்கிய போனோகிராப் அந்த நியதியைச் சற்றே தளர்த்தியது.

தொடக்கத்தில் ஒலி பதிந்தது மெல்லிய வெள்ளீயத் தாளில். சில முறை கேட்பதற்குள் அது நைந்துவிடும். அடுத்த பத்தாண்டுகளில் மெழுகு உருளை வந்தது. உள்ளே கூடாக, ஏறக்குறைய நான்கு அங்குல நீளமே உடைய எளிய பொருள் அது. குழலின் முன் ஒருவர் பாடினால் உள்ளிருக்கும் மெல்லிய தகடு அதிரும். தகட்டோடு பிணைந்த ஊசி, சுழலும் மெழுகில் நுண்ணிய வரியைக் கீறும். அவ்வரியின் மேல் மீண்டும் ஊசி ஓடும்போது பாடியவர் குரல் எழும். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் ஓர் உருளையில் இடமில்லை.

1890-ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தின் காலஸ் என்னும் ஊருக்கு ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் இக்கருவியுடன் சென்றார். கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்து வந்த விலங்கியலார் அவர். பின்னர் பழங்குடி மக்களின் வாழ்வை அறிவதில் மனம் திரும்பியவர். மேரி ஹெமன்வே என்னும் செல்வச் சீமாட்டி அவருடைய ஆய்வுகளை ஆதரித்து வந்தார். தென்மேற்குப் பகுதியில் வாழும் சூனி மக்களிடம் எடுத்துச் செல்லும் முன் கருவியைச் சோதித்துப் பார்ப்பதே அப்பயணத்தின் நோக்கம்.

காலஸில் பாஸமக்குவாடி என்னும் பழங்குடியினர் அக்குழலின் முன் பாடினர். நோயல் ஜோசப்ஸ், பீட்டர் செல்மோர் ஆகியோரின் குரல்கள் பதிவாயின. நடனப் பாடல்கள், பண்டமாற்றுப் பாடல், பழங்கதைகள், எண்களின் பெயர்கள் எனப் பலவும் மெழுகில் ஏறின. ஒரு மக்களின் வாழ்விடத்துக்கே சென்று எடுத்த ஒலிப்பதிவுகளில், இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழமையானவை இவையே எனக் கருதப்படுகின்றன. சோதனைக்காகச் செய்த செயல் பெரும் செல்வமாயிற்று.

ஆயினும் அச்செல்வம் உரியவர் கையில் தங்கவில்லை. உருளைகள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1970-இல் வாஷிங்டனிலுள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு மாற்றப்பட்டன. அங்கு இன்றும் 31 உருளைகள் பேணப்படுகின்றன. இதற்கிடையே பாடியவர்கள் மறைந்தனர். பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் பயின்றனர். தாய்மொழி முதியோர் நாவில் மட்டும் ஒதுங்கலாயிற்று. பாட்டு காப்பறையில் பத்திரமாக இருந்தது. பாடுவதற்கு உரியவர்களோ அதை மறந்துகொண்டிருந்தார்கள். பெட்டகத்தில் பூட்டிய நகை களவு போவதில்லை. ஆனால் அது எந்தக் கழுத்தையும் அலங்கரிப்பதுமில்லை.

மெழுகுக்கு மற்றொரு குணமும் உண்டு. ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் வரி சிறிது தேயும். கேட்கக் கேட்கக் குரல் குறையும். கேளாமல் வைத்தாலும் பூஞ்சை அரிக்கும். கை தவறினால் நொறுங்கும். ஆகவே மெழுகை மட்டும் நம்பி ஒரு பாடலை என்றென்றைக்கும் வைத்துவிட இயலாது.

1980-களில் ஒலிநாடாப் படிகள் அம்மக்களிடம் சென்றன. இரைச்சல் மிகுந்திருந்ததால் சொற்களைப் பிரித்தறிவது அரிதாயிருந்தது. அண்மை ஆண்டுகளில் அவ்வுருளைகள் முன்னினும் தெளிவாக எண்ணிம வடிவில் எடுக்கப்பட்டன. பாஸமக்குவாடி மொழியைக் காத்துவரும் டுவெய்ன் டோமா முதலானோர் அவற்றைத் திரும்பத் திரும்பச் செவிமடுத்து, சொல் சொல்லாக எழுதி, பொருள் கண்டு, தாமே பாடவும் தலைப்பட்டனர். நூற்றாண்டுக்கும் மேலாக மெழுகில் உறங்கிய பண்டமாற்றுப் பாடல் மீண்டும் மனித நாவில் ஏறியது.

எவற்றை உலகத்தார் கேட்கலாம், எவற்றைத் தம் மக்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்வது என்பதையும் இப்போது அம்மக்களே தீர்மானிக்கின்றனர். புனிதமெனக் கருதும் சில பதிவுகள் பொதுவெளிக்கு வரவில்லை. வெளியானவற்றோடு அவர்கள் மொழியிலேயே குறிப்புகள் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றின் பொருள் ‘இது விற்பனைக்கு அன்று’ என்பதாகும். முன்னோர் குரலை விலைப்பொருளாகக் காணாத நெஞ்சின் வாக்கு அது. அதன் கனம் பெரியோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

காத்தது மெழுகு, அதன் கடமை அவ்வளவே. உயிர் தந்தது, பொறுமையுடன் கேட்ட செவியும் கற்றுக்கொண்ட நாவும். 130 ஆண்டுகளுக்கு முந்தைய இரண்டு நிமிடப் பாட்டுக்காக ஒரு மக்கள் இத்தனை பாடுபட நேர்ந்தது. பாடத் தெரிந்த பாட்டி அருகிலேயே அமர்ந்திருக்கும் வீட்டிலோ அத்தனை பாடு வேண்டியதில்லை. மாலை விளக்கேற்றியபின் பேரக்குழந்தையை மடியருகே அழைத்து, ஓர் அடி சொல்லிக் கொடுத்து, அதைத் திருப்பிச் சொல்லக் கேட்டால் போதும். அந்த வரி கேட்கக் கேட்கத் தேய்வதில்லை; வளர்கிறது.