ஓர் ஊரின் அணியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

இன்று கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் பேரன் ஒரு கேள்வி கேட்டான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். கால்பந்துப் பைத்தியம். எந்த நாட்டில் எந்த அணி, அதற்கு என்ன நிறச் சட்டை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

"தாத்தா, மெக்சிகோல ஒரு டீம இந்த ஊர்ல இருந்து தூக்கி அந்த ஊர்ல வெச்சுட்டாங்களாம். அப்படியெல்லாம் செய்ய முடியுமா?"

வகுப்பில் விடை தெரியாத கேள்வி வந்தால் "நாளைக்குச் சொல்கிறேன்" என்பது என் வழக்கம். வீட்டிலும் அதையே சொன்னேன். நாளைக்கு என்றது ஒரு வாரம் ஆகிவிட்டது. விடை தேடிப் போனவனுக்குச் சகதெபெக் என்ற ஊர் அகப்பட்டது. அதோடு நான் மறந்திருந்த பழைய கணக்கு ஒன்றும் அகப்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சகதெபெக், மெக்சிகோ நகருக்குத் தெற்கே மொரேலோஸ் மாநிலத்தில் இருக்கிற சின்ன ஊர். சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்த்து இன்றைக்கும் ஏறக்குறைய 36,000 பேர்தான். அங்குள்ள பழங்குடி மக்களின் நாவாட்டல் மொழியில் அந்தப் பெயருக்குப் 'புல் மலை மேல்' என்று பொருள். ஆனால் நூற்றாண்டுகளாக அந்த வட்டாரத்தில் விளைவது கரும்பு. பண்ணை முதலாளிகள் கரும்புக்காகக் கிராமத்து நிலங்களை வளைத்துப் போட்டதை எதிர்த்துத்தான் எமிலியானோ சபாட்டா துப்பாக்கி எடுத்தார். மெக்சிகோப் புரட்சியைப் பாடமாகப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். 1919-ல் அவரைச் சூழ்ச்சியால் கொன்றார்கள்.

1938-ல் குடியரசுத் தலைவர் லாசரோ கார்தெனாஸ் சகதெபெக்கில் ஒரு பெரிய சர்க்கரை ஆலையைத் திறந்துவைத்தார். ஆலைக்குச் சபாட்டாவின் பெயர். விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு ஆலை. பத்து வருடம் கழித்து, 1948-ல், அந்த ஆலையின் ஆதரவோடு கால்பந்துக் கழகம் பிறந்தது. சட்டை பச்சையும் வெள்ளையும். ரசிகர்கள் வைத்த பெயர் 'கன்யேரோஸ்'. நம் மொழியில் கரும்புக்காரர்கள்.

மெக்சிகோவில் இரண்டாம் டிவிஷன் போட்டி 1950-51-ல்தான் தொடங்கியது. அந்த முதல் சீசனிலேயே சகதெபெக் கோப்பையை வென்று முதல் டிவிஷனுக்கு ஏறியது. அங்கே எதிரே நின்றவற்றில் பல பெருநகர அணிகள். அப்போது பயிற்சியாளராக வந்தவர் இக்னாசியோ ட்ரேயெஸ். அதே மாநிலத்தின் தலைநகரில் ஆடிய மார்த்தே அணிக்கு 1954-ல் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவர். 1955-ல் சகதெபெக்கை நாட்டின் சாம்பியன் ஆக்கினார். 1958-ல் மறுபடியும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பேரனுக்கு ஒரு கணக்குச் சொன்னேன். மெக்சிகோவில் மிகப் பெரிய ரசிகர் கூட்டம் உள்ள அணிகளில் ஒன்று குவாதலஹாரா. 1906-ல் தொடங்கிய அந்த அணி தன் முதல் லீக் கோப்பையை 1957-ல்தான் வென்றது. கரும்புக்காரர்கள் அதற்கு இரண்டு வருடம் முன்பே வென்றுவிட்டார்கள். பையன் வாயைப் பிளந்தான்.

ட்ரேயெஸ் பிறகு தேசிய அணிக்கும் பயிற்சி தந்தார். உலகக் கோப்பையில் மெக்சிகோ ஜெயித்த முதல் ஆட்டம், 1962-ல் செக்கோஸ்லோவாக்கியாவை 3-1 என்று வென்றது, அவர் காலத்தில்தான். சகதெபெக்கில் ஆடிய ரவுல் கார்தெனாஸ் 1970 உலகக் கோப்பையில் மெக்சிகோவின் பயிற்சியாளர்.

சகதெபெக்கின் மைதானத்துக்கு அந்த அணியின் பழைய வீரர் அகுஸ்தின் 'கொரூக்கோ' தியாஸின் பெயர். 'கரும்புக் காடு' என்று செல்லப்பெயரும் உண்டு. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மீட்டருக்கும் அதிக உயரத்தில், குளுகுளுவென்று இருக்கிறது. சகதெபெக் தாழ்வான வெப்ப பூமி. உச்சி வெயிலில் ஆட்டத்தை வைத்தால் வெளியூர்க்காரர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். கரும்பு வெட்டிப் பழகிய ஊருக்கு அந்த வெயில் ஒரு பொருட்டா?

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் அது பாதி உண்மை. அந்தக் கூட்டுறவு ஆலையின் முதல் நிர்வாகக் குழுத் தலைவர் ரூபென் ஹராமியோ. சிறு வயதில் சபாட்டாவின் படையில் இருந்தவர். பெயருக்குத்தான் கூட்டுறவு, லாபம் மேலே இருப்பவர்களுக்குப் போகிறது என்று சொல்லி விவசாயிகள், தொழிலாளர்கள் பக்கம் நின்றார். 1942-ல் ஆலையில் வேலைநிறுத்தம். அவரை வேட்டையாடத் தொடங்கினார்கள். மலைக்குப் போய் ஆயுதம் எடுத்தார். பின்னர் மன்னிப்பு வழங்கப்பட்டு ஊர் திரும்பியவரை, 1962 மே மாதம், கர்ப்பிணி மனைவியோடும் மூன்று வளர்ப்பு மகன்களோடும் வீட்டிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள்.

அணி கோப்பைகளைக் குவித்த ஐம்பதுகளில்தான் அவர் மலையில் மறைந்து திரிந்தார். கரும்புக்குச் சரியான விலை கேட்டவர்களும் ஞாயிற்றுக்கிழமை அணிக்குக் கைதட்டியவர்களும் வேறு வேறு ஊர்க்காரர்கள் அல்ல. கோபமும் பெருமையும் ஒரே வீட்டில் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகு அணி ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மொத்தம் ஐந்து முறை இரண்டாம் டிவிஷன் கோப்பையை வென்றது. பெருமைதான். ஆனால் ஐந்து முறை வெல்ல வேண்டுமென்றால் நடுவில் நான்கு முறை மேலிருந்து விழுந்திருக்க வேண்டும் அல்லவா? 1985-ல் கடைசியாக முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

இப்போது பேரனின் கேள்விக்கு வருகிறேன். மெக்சிகோவில் ஒரு டிவிஷனில் ஆடும் உரிமை ஊருக்குச் சொந்தமில்லை. அது ஒரு சான்றிதழ். அதை வைத்திருப்பவர் விற்கலாம், வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம். 2020 ஜூனில் மொரேலியா நகரத்தின் முதல் டிவிஷன் அணியை உரிமையாளர்கள் மசத்லான் என்ற துறைமுக நகருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே புது மைதானம் தயாராகிக்கொண்டிருந்தது. மொரேலியா லட்சக்கணக்கான மக்கள் வாழும் மாநிலத் தலைநகரம். கொரோனா காலத்திலும் ரசிகர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அணி போய்விட்டது.

சில வாரங்களிலேயே மொரேலியாவுக்கு ஆறுதல் கிடைத்தது. இரண்டாம் நிலை லீக்கில் ஓர் அணி. எங்கிருந்து வந்தது? சகதெபெக்கிலிருந்து. கரும்புக்காரர்களின் உரிமம் 'அத்லெத்திகோ மொரேலியா' ஆனது. மொரேலியா நகரம், மொரேலோஸ் மாநிலம் இரண்டுக்கும் விடுதலைப் போராட்ட வீரரான ஒரே பாதிரியார் மொரேலோஸின் பெயர்தான். பெரிய ஊரின் கண்ணீரைத் துடைக்கச் சின்ன ஊரின் துண்டை உருவிக்கொண்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான் ட்ரேயெஸ் தம் 103-ஆம் வயதில் இறந்திருந்தார். இதைப் பார்க்காமல் போனார்.

சகதெபெக்கும் இதில் முழுக்க அப்பாவி இல்லை. 2010-களில் வேறு ஊர்களின் உரிமங்களைக் கொண்டுவந்துதான் அங்கே அணி நடந்தது. இழந்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் வாங்கியவர்களாகவும் இருந்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது எங்கள் பள்ளியில் பிள்ளைகள் அதிகம், பெஞ்சு குறைவு. நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊரில் தொடக்கப் பள்ளி. பிள்ளைகள் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு வந்ததும் அதை எங்கள் பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். பெஞ்சு, பீரோ, கரும்பலகை எல்லாம் டிராக்டரில் வந்தன. கூடவே பள்ளி மணி. தண்டவாளத் துண்டுதான், ஆனால் நல்ல நாதம். எனக்கு ஒரே மகிழ்ச்சி. எத்தனை மனு எழுதியும் கிடைக்காத பெஞ்சு ஒரே நாளில் கிடைத்துவிட்டதே!

டிராக்டருக்குப் பின்னால் சைக்கிளில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். வேட்டியை இறக்கிவிட்டு நின்றார்.

"சார், பெஞ்செல்லாம் பிள்ளைங்களுக்கு ஆவட்டும். மணிய மட்டும் குடுத்துருங்க. எங்கப்பா காலத்துல ஊர்ல காசு போட்டு வாங்கி மாட்டுனது."

"இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது ஐயா, இனி என் கையில் இல்லை" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

உண்மை என்னவென்றால், நான் பதிவேட்டில் எழுதியது அன்று மாலையில்தான். அவர் கேட்டபோது அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது.

ஆகவே மொரேலியாக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தங்கள் அணி போன துக்கத்தில் இருந்தவர்கள், வந்ததை வாங்கிக்கொண்டார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று அந்த நேரத்தில் நின்று பார்க்க மனம் வராது. எனக்கும் வரவில்லை.

பேரனிடம் சொன்னேன்: "தூக்கிட்டுப் போக முடியும்டா. சட்டப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கும்."

"அப்போ அந்த 1955 கப் யாருக்குத் தாத்தா? மொரேலியாவுக்கா?"

"இல்லப்பா. அது சகதெபெக்குக்குத்தான்."

"அப்போ முழுசாத் தூக்கல" என்றான்.

அந்த மணி இப்போது எங்கே என்று விசாரித்தேன். எங்கள் பழைய பள்ளியில் மின்சார மணி வந்துவிட்டதாம். தண்டவாளத் துண்டு பொருள் வைக்கும் அறையில் கிடக்கிறதாம். அதை முறைப்படி அந்த ஊருக்கே கொடுக்க வழியுண்டா என்று இப்போதுள்ள தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். பெரியவர் இருக்கிறாரா, தெரியவில்லை. இல்லாவிட்டாலும் ஊர் இருக்கிறது.

உங்கள் ஊரிலிருந்து இப்படிப் போனது ஏதாவது உண்டா? உங்கள் ஊருக்கு இப்படி வந்தது ஏதாவது உண்டா? இரண்டையும் எழுதுங்கள். இரண்டாவதைக் கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.