நான் காட்டிய படம்

2024 ஜூன் 18ஆம் தேதி கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தவர்கள், மறுநாள் விடிந்ததிலிருந்து ஒவ்வொருவராகச் சாகத் தொடங்கினார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் எலவனாசூர்கோட்டை, சேலம் – உளுந்தூர்ப்பேட்டை சாலையில் இருக்கிற ஊர். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நின்று, எந்த வீட்டுக்காரரோ என்று பேசிக்கொண்டோம்.

நான் இந்த ஊரில் குடியிருந்து, பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறவள். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பள்ளி திறந்த சில நாட்களிலேயே இது நடந்துவிட்டதால் பாடம் ஓடவில்லை. பிள்ளைகள் வாயில் அதே பேச்சு. அடுத்த வாரம் ஜூன் 26, உலகப் போதைப்பொருள் எதிர்ப்பு நாள். வழக்கமாகக் காலை வணக்கக் கூட்டத்தில் உறுதிமொழி எடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவோம். அந்த வருஷம் அது போதாது என்று எனக்குப் பட்டது. பிள்ளைகள் பயப்பட வேண்டும், வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று ஆசைப்பட்டேன். காதால் கேட்டது போய்விடும், கண்ணால் பார்த்தது நிற்கும் என்று பி.எட். காலத்திலிருந்து நம்பி வந்தவள் நான்.

ராத்திரி உட்கார்ந்து செய்திச் சேனல்களின் வீடியோக்களை எடுத்து, போனிலேயே வெட்டி ஒட்டி ஒரு படம் தயார் செய்தேன். முதலில் கருணாபுரம். வரிசையாக வைத்த உடல்கள், மார்பில் அடித்துக்கொண்டு அழுகிற பெண்கள், அப்பா அம்மா இரண்டு பேரையும் பறிகொடுத்த பிள்ளைகள். அடுத்து கல்வராயன் மலை. சம்பவத்துக்குப் பிறகு மலையில் நடந்த சாராய வேட்டையைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தன. போலீஸார் புதருக்குள்ளிருந்து பேரல்களை உருட்டி வருவதும், ஊறலைக் கொட்டிக் கவிழ்ப்பதும், அடுப்பை உதைத்து உடைப்பதும் அதில் இருந்தன. பின்னணிக்குப் பதைபதைக்கிற மாதிரி ஒரு இசையும் சேர்த்தேன். கடைசியில் சிவப்பு எழுத்தில், சாராயம் எமன் என்று போட்டேன்.

ப்ரொஜெக்டரில் படம் ஓடியபோது வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கருணாபுரம் வந்ததும் இரண்டு பெண் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். மலை வந்ததும் பின் பெஞ்சில் ஒரு பையன் பாதி எழுந்து நின்று, பக்கத்தில் இருந்தவனிடம் திரையைக் காட்டி ஏதோ சொன்னான். முகமெல்லாம் சிரிப்பு. அவனுக்கு வெள்ளிமலையைத் தாண்டி மேலே ஒரு சின்ன ஊர். பெற்றோர் கேரளாவில் தோட்ட வேலை. படிப்புக்காகச் சித்தி வீட்டில் கீழே விட்டிருந்தார்கள். படம் அவனையும் இழுத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்.

படம் முடிந்ததும் கேட்டேன்: "இத்தனை பேர் சாவுக்கு யார் காரணம்?"

"மலைக்காரங்க, டீச்சர்!"

மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. நான் மறுக்கவில்லை. வேறு பதில் உண்டா என்று கேட்கவும் இல்லை. சொன்னது உள்ளே போயிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, படம் வரைந்து வரச் சொன்னேன். மலை, பானை, தொப்பி போட்ட போலீஸ் என்று வரைந்து வந்தார்கள். நன்றாக இருந்தவற்றைச் சுவரில் ஒட்டினேன். அந்தப் பையன் வரைந்து வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, நோட்டு தீர்ந்துபோச்சு என்றான். புது நோட்டு கொடுத்துவிட்டு அதோடு மறந்துபோனேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள். மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது புங்கமரத்தடியில் ஆறாம் வகுப்புப் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர் கையில் குச்சி. ஒருவன் விசில் மாதிரி வாயில் சத்தம் எழுப்பினான். எல்லோரும் குனிந்து, மெதுவாக, செடி மறைவில் நகர்ந்து வந்தார்கள். இது என்ன ஆட்டம் என்று நின்று பார்த்தேன். மரத்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவன் அந்தப் பையன். அவன் முன்னால் மூன்று கல் வைத்து அடுப்பு. அடுப்பின் மேல் அவனுடைய தண்ணீர் பாட்டில். குச்சிக்காரர்கள் பாய்ந்து வந்தார்கள். ஒருவன் பாட்டிலைத் தூக்கி மூடியைத் திறந்து, கையை உயர்த்தி, தண்ணீரை மெதுவாகக் கீழே ஊற்றினான். என் படத்தில் போலீஸ்காரர் ஊறலைக் கொட்டும்போது கையை எப்படி உயர்த்தினாரோ, அப்படியே. இன்னொருவன் கல்லைக் காலால் எத்தினான். இருவர் பையனின் இரண்டு கையையும் பின்னால் பிடித்துக்கொண்டார்கள்.

அவன் திமிறவில்லை. அவனுக்கு அது பழகிப்போயிருந்தது. அன்றைக்குத்தான் ஆரம்பித்த ஆட்டம் அல்ல அது.

ஓடிப்போய் அதட்டினேன். குச்சியைக் கீழே போட்டுவிட்டு, குச்சி வைத்திருந்தவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துச் சொன்னான். திட்டு வாங்குகிறோமே என்ற குழப்பம்தான் அவன் முகத்தில் இருந்தது.

"நீங்க காட்டுன படந்தான் டீச்சர் விளையாடுறோம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. "எப்பவும் இவன்தான் காய்ச்சுறவனா?" என்று மட்டும் கேட்டேன்.

"அவன்தானே டீச்சர் மலை?"

அப்போதுதான் படம் ஓடிய அன்று அவன் பாதி எழுந்து நின்றது நினைவுக்கு வந்தது. சிரித்தபடி பக்கத்துப் பையனிடம் சொன்னது, "எங்க மலைடா" என்பதாகத்தான் இருந்திருக்கும். பெரிய திரையில் தன் மலையைப் பார்த்த பூரிப்பு அவனுக்கு. அடுத்த நொடியில் பேரலும் போலீசும் வந்துவிட்டன. அதன் பிறகு அவன் முகம் எப்படி ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே அவன் வரவு நின்றது. உடம்பு சரியில்லை என்று சித்தி சொல்லியனுப்பினார். பிறகு, ஊருக்குப் போய்விட்டான் என்றார்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் செய்ததில் பாதிதான் தெரியும். முன் வரிசையில் உட்காருகிற பெண் ஒருத்தி, படம் பார்த்து அழுதவர்களில் ஒருத்தி, என்னிடம் வந்து நிம்மதியாகச் சொன்னாள்: "எங்கப்பா கடைச் சரக்குதான் குடிக்கிறாரு டீச்சர். மலைச் சாராயம் இல்ல. அதனால ஒண்ணும் ஆகாது." அவள் சொன்ன கடை, அரசின் டாஸ்மாக். அந்த நிறுவனம் 1983இல் தொடங்கியது, 2003இலிருந்து மாநிலத்தின் சில்லறை மது விற்பனை முழுவதும் அதன் கையில். என் வகுப்பில் குடியால் அழுகிற வீடுகள் அனேகமாக எல்லாமே அந்தக் கடைச் சரக்கால் அழுகிறவைதான். அதைப் பற்றி என் படத்தில் ஒரு வரி இல்லை. குற்றவாளி மேலே மலையில் இருக்கிறான், நம் வீட்டில் நடப்பது வேறு என்று அந்தப் பெண்ணுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அதைவிட வெட்கம், நான் அறிவியல் ஆசிரியை என்பது. கருணாபுரத்தில் ஆட்களைக் கொன்றது மெத்தனால். பெயின்ட், தின்னர், பிளாஸ்டிக் தொழில்களுக்காக ஆலையில் தயாராகிற ரசாயனம் அது. வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறப்போட்டு மலையில் காய்ச்சுவதால் வருகிற பொருள் அல்ல. உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். சில மிடறு போதும், பார்வை போய்விடும், உயிரும் போகும். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் 20க்கும் மேற்பட்டோர் செத்ததும் இதே மெத்தனாலால்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், கருணாபுரத்துச் சாவுக்குப் பக்கத்தில் மலை ஊறலை ஒட்டினேன். தொலைக்காட்சி அப்படித்தான் ஒட்டியிருந்தது. பார்க்க உருக்கமாகவும் இருந்தது. மலையில் சாராயம் காய்ச்சப்படுவது பொய் இல்லை. இந்தச் சாவுக்கு அதைக் காரணமாகக் காட்டியது பொய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் தேடிப் போனேன். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. இத்தனை வருஷம் இந்த மாவட்டத்தில் இருந்தும் அருவி பார்க்கத் தவிர மேலே போனவள் இல்லை நான். வெள்ளிமலையில் இறங்கி, வருகிற போகிற வண்டியில் தொற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வழியெல்லாம் மரவள்ளியும் சாமையும் கடுக்காய் மரங்களும். 1976 வரை இந்த மக்கள் ஜாகிர்தார்கள் என்ற நிலக்கிழார்களின் கீழ் இருந்தார்கள் என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். சாராயச் சாவுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து, கல்வராயன் மலை மக்களுக்குச் சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஏன் சேரவில்லை என்று அரசைக் கேட்டது. அந்தச் செய்தியை என் படத்தில் சேர்க்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

வீட்டில் பாட்டி மட்டும் இருந்தார். பையனை அவன் அப்பா கேரளாவுக்குக் கூட்டிப்போய்விட்டாராம்.

"படிச்சது போதும்னு அவனே சொல்லிட்டான் தாயி. என்னாடா ஆச்சுன்னா வாயத் தொறக்கல. நாங்க யாரும் காய்ச்சுறதில்ல, ஆயா, அப்புறம் ஏன் என்னைய அப்பிடிக் கூப்புடுறாங்கன்னு ஒரு நா ராத்திரி கேட்டான். எனக்கு ஒண்ணும் வௌங்கல." பாட்டி எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான்தான் அந்தப் படத்தைக் காட்டியவள் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. படம் எதற்குக் காட்டினேன் என்று கேட்டார். குடிக்கக் கூடாது என்று சொல்லத்தான் என்றேன். "அத அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அவன் புள்ள தான?" என்றார்.

திரும்பி வந்த பிறகு நிறையப் படித்தேன். ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், பெரியவர் ஒருவர் ஒரு பொம்மையை அடிப்பதைச் சின்னப் பிள்ளைகளைப் பார்க்க வைத்தார். தனியே விட்டதும், பார்த்த பிள்ளைகள் அதே அடியை, அதே சொல்லோடு அடித்தார்கள். 1963இல் அதையே திரைப்படமாகக் காட்டியபோதும் அடித்தார்கள். புங்கமரத்தடியில் உயர்ந்த அந்தக் கை எனக்கு நினைவு வந்தது. பயம் காட்டித் திருத்தும் முறைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் தவறு செய்த இளைஞர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தார்கள். 1978இல் அது பிரபலமான ஆவணப்படமாகவும் வந்தது. பிறகு செய்த ஆய்வுகளில், அப்படிக் கூட்டிப்போகப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே குற்றம் செய்தது தெரிந்தது.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது நெல்லூர் கதைதான். 1990களின் தொடக்கத்தில், ஆந்திராவின் நெல்லூர் மாவட்ட எழுத்தறிவு இயக்கத்தில், எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருந்த கிராமத்துப் பெண்களின் வாசிப்புப் புத்தகத்தில் ஒரு பாடம் இருந்தது. பெயர் சீதம்மா கதை. ஒரு கிராமத்துப் பெண், கணவனின் குடி, அவள் படுகிற பாடு. அவ்வளவுதான். படித்த பெண்கள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, இது நம் கதைதானே என்று பேசத் தொடங்கினார்கள். 1992இல் துபகுண்டா என்ற ஊரில் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். ஊர் ஊராகப் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. அந்தப் பாடத்தில் பிணம் இல்லை, போலீஸ் இல்லை, இசை இல்லை. படித்தவர்கள் தங்கள் வீட்டைப் பற்றித் தாங்களே பேசினார்கள். என் பிள்ளைகளுக்கு நான் பேசவே இடம் வைக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். அதற்கும் பதிலைப் படத்துக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன். சுவரில் ஒட்டிய படங்களை எடுத்தேன். மெத்தனால் எங்கிருந்து வருகிறது, உடம்பை என்ன செய்கிறது என்று கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் நன்றாகவே கேட்டுக்கொண்டார்கள். இருந்தும், பிறகு ஒரு சமயம் ஏதோ சண்டையில் ஒருவன் இன்னொருவனை "போடா மலை" என்று திட்டியதைக் கேட்டேன். அந்தப் பையன் போய் வெகுநாள் ஆகியிருந்தது. பத்து நிமிடப் படத்தில் நான் உள்ளே போட்டதை, வருஷம் முழுக்க நடத்திய பாடத்தாலும் முழுசாக வெளியே எடுக்க முடியவில்லை.

வயதுக்கேற்ற வகுப்பில் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தருகிறது. அவன் அப்பாவிடம் போனில் பேசினேன். "பாக்கலாம் டீச்சர்" என்றார். இன்னும் வரவில்லை.

ஒவ்வொரு வருஷமும் ஜூன் 26 வரும். பள்ளிகளில் நல்ல மனதோடு யாராவது ஒரு ஆசிரியர் ராத்திரி உட்கார்ந்து படம் தேடிக்கொண்டிருப்பார். அவரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் ஒரு மலைப் பிள்ளையோ, கருணாபுரத்துப் பிள்ளையோ, குடிகாரர் வீட்டுப் பிள்ளையோ இருக்கும். படத்தை முதலில் அந்தப் பிள்ளையின் பெஞ்சில் உட்கார்ந்து ஒருமுறை முழுசாகப் பாருங்கள். அதன் பிறகு ப்ரொஜெக்டரைப் போடுங்கள்.