அலிப்பூரில் கற்ற நத்தைப் பாடம்

கல்கத்தாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தினர், விடுமுறை நாளில் குழந்தைகளுடன் அலிப்பூருக்குச் செல்வது வழக்கம். பெரும்பாலோர், 1876-இல் தொடங்கப்பெற்ற மிருகக்காட்சிச் சாலையைக் கண்டதோடு திரும்பிவிடுவர். அதற்கு அருகிலேயே, வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் அழகிய தோட்டம் இருக்கிறது. 1820-இல் வில்லியம் கேரி என்னும் பாதிரியார் நிறுவிய சங்கம் அது. சென்ற ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஏழு வயதுள்ள என் மகளுடன் அங்கே சென்றிருந்தேன்.

முதல் நாள் இரவு நல்ல மழை. செடிகளின் அடியில் ஈரம் உலரவில்லை.

"அப்பா, ஷாமுக்!" என்று கூவினாள் குழந்தை. வங்காளத் தோழிகளுடன் விளையாடுகிறவள் ஆதலால், அச்சொல்லே நாவில் முந்திற்று.

"நத்தை என்று சொல், அம்மா" என்றேன்.

ஓடு என் உள்ளங்கை நீளம் இருந்தது. சில நத்தைகளின் உடலில் மூளை நோய் தரும் நுண்புழு இருக்குமாதலால், தொடாமல் குனிந்து பார்க்கச் சொன்னேன். அதற்குக் கொம்புகள் நான்கு. நீண்ட இரண்டின் நுனியில் கண்கள். குட்டையான இரண்டும் மோப்பம் பிடிக்க. ஒரு குச்சியை அருகே நீட்டியதும் கண் உள்ளே ஒளிந்துகொண்டது. குழந்தை கைகொட்டிச் சிரித்தாள்.

"பெரிதானால், நாம் குவார்ட்டர்ஸ் மாற்றியதுபோல் இதுவும் வீடு மாற்றுமா?"

"மாற்றாது. உடலோடு ஓடும் வளரும். அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஆகையால் வெள்ளையடித்த சுவரையும் சுரண்டித் தின்னும். வறட்சி வந்தால் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும்."

அருகில் ஓடில்லா நத்தை ஒன்று ஊர்ந்தது. "பாவம், வீட்டைத் தொலைத்துவிட்டது" என்றாள். அது பிறவியிலேயே அப்படித்தான் என்றும், சுமை இல்லாததால் சிறு சந்திலும் புகுந்துகொள்ளும் என்றும், ஆனால் வெயிலில் விரைவில் உலர்ந்துவிடும் என்றும் விளக்கினேன். உப்பைத் தூவினால் கரைந்துபோகும் என்று தோழி சொன்னாளாம். கரைவதில்லை, உப்பு அதன் உடல் நீரை உறிஞ்சி வதைக்கிறது, விளையாட்டுக்காக அப்படிச் செய்யலாகாது என்றேன்.

அவ்வேளையில் மாலி ஒருவர் வந்து, பெரிய நத்தைகளைப் பொறுக்கித் தகரத்தில் போட்டுக்கொண்டு போனார். குழந்தையின் முகம் வாடிற்று. நான் அதன் வரலாற்றைக் கூறினேன். அது கிழக்கு ஆப்பிரிக்க நத்தை. நத்தைகளை ஆராய்வதில் நாட்டம் கொண்ட பென்ஸன் என்னும் ஆங்கிலேய அதிகாரி, 1847-இல் மொரீஷியஸ் தீவிலிருந்து கொண்டுவர, சௌரங்கித் தோட்டமொன்றில் அது விடப்பட்டது. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாயிருந்து, ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேலும் முட்டையிடுவதால், எங்கும் பெருகிற்று. 1900-இல் இலங்கையையும் எட்டிவிட்டது. பயிர்களை அழிப்பதால் தோட்டக்காரர்களுக்கு அது பகை.

"வெளியூரிலிருந்து வந்ததால்தான் பிடிக்கிறார்களா? நாமும் வெளியூர்தானே, அப்பா?"

நான் திகைத்துவிட்டேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டால் உடனே சொல்வேன். இதற்கு விடை சொல்லப் பஸ் நிறுத்தம் வரை நடக்க வேண்டியிருந்தது.

"வெளியூர் என்பதற்காக அன்று, அம்மா, செடிகளைத் தின்று தீர்ப்பதற்காக. நத்தையின் மீதும் குற்றமில்லை. அது தானாக வரவில்லை. மனிதர் கொண்டுவந்து விட்டனர். என்னையும் ஒரு வேலை உத்தரவுதான் இங்கே கொண்டுவந்தது. ஆனால், இருக்கும் ஊருக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று நத்தையால் எண்ண முடியாது, நம்மால் முடியும்."

"நான் என்ன கொடுப்பது?" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பினேன். எங்கள் வீட்டுப் படியில் எதிர்வீட்டு வங்காளச் சிறுமி அமர்ந்திருந்தாள். சிலேட்டில் சுருள் ஓடு ஒன்றை வரைந்து, "நத்தை, நத்தை" என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என் மகள்.