குடும்பம் ஏறும் படகு

ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் மொழி. காலை விடுவதற்கே அத்துணை எச்சரிக்கை வேண்டுமெனில், ஈன்ற தாயையும் பெற்ற மக்களையும் ஒருசேர ஏற்றிச் செல்லும் படகைத் தேர்ந்தெடுப்பதற்கு எத்துணை எச்சரிக்கை வேண்டும்!

ஸ்ரீமுஷ்ணத்தில் வாழும் எங்களுக்குக் கடல் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருப்பினும், நெஞ்சுக்கு அண்மையிலேயே இருக்கிறது. விருத்தாசலத்தைத் தழுவி வரும் மணிமுத்தாறு, எம்மூரை அடுத்த கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. அந்நீரே சேத்தியாத்தோப்பு வழியாகச் சென்று பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலை அடைகிறது. எம்மூர்ப் பூவராக சுவாமி மாசிமகத் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருள்வதும், கிள்ளை தைக்காலில் முஸ்லிம் பெருமக்கள் அவ்வூர்வலத்தை எதிர்கொண்டு மரியாதை செய்வதும் மத நல்லிணக்கத்திற்குச் சான்றாக இன்றளவும் திகழ்கின்றன. அக்கிள்ளையின் பக்கத்தில்தான் பிச்சாவரம் சதுப்புநிலக் காடு விரிந்து கிடக்கிறது.

அயல்நாட்டில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய என் மைத்துனர், குடும்பத்தோடு உலா வரச் சிறு படகொன்றை வாங்கிப் பரங்கிப்பேட்டையில் நிறுத்தி வைக்க விரும்பினார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தையிலும் மாசியிலும் அக்கழிகளில் வீசும் குளிர்காற்று அவரைக் கவர்ந்திருந்தது. கேபின் என்று சொல்லப்படும் சிற்றறையும், அதன்மேல் மாடித் தளமும் கொண்ட படகுப் படங்களைக் கூடத்தில் பரப்பினார். பிள்ளைகள் மாடிப் படகையே சுட்டினர். என் அன்னையாரோ, “எனக்கு நிழல் இருந்தால் போதும், மாடி வேண்டாம்” என்றார். “மச்சான், நீங்களே முடிவு சொல்லுங்கள்” என்று பொறுப்பை என்மீது சுமத்திவிட்டார் மைத்துனர்.

விருத்தாசலத்துப் பீங்கான் வாங்குவோர் மேலே தீட்டிய பூவேலையில் மட்டும் மயங்குவதில்லை. விரலால் சுண்டி ஓசை கேட்பர்; தரையில் வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பர். படகுக்கும் அதுவே முறை. மெத்தையும் வண்ணமும் கண்ணாடிச் சன்னலும் பிறகு பார்க்க வேண்டியவை. முதலில் பார்க்க வேண்டியது நிலைப்பு.

தஞ்சாவூர்ப் பொம்மையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது நிமிர்ந்துவிடுகிறது; அதன் கனம் அடியில் இருப்பதே காரணம். படகில் கனம் மேலேறுந்தோறும் அந்நிமிரும் ஆற்றல் குறைகிறது. மாடித் தளமும், அதில் நிற்கும் மக்களும் கனத்தை மேலேற்றுகின்றனர். அனைவரும் ஒரு பக்கமாகத் திரும்பினால் படகு சாய்ந்தே தீரும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்ததில் 22 பேரும், 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரும் உயிரிழந்தனர். தானூரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 11 பேர் மறைந்த செய்தி கேட்டுக் கலங்காத உள்ளமும் உண்டோ! உல்லாசமாகப் புறப்பட்டவர்கள் அன்றோ அவர்கள்! மயிலிறகே ஆயினும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவப் பெருந்தகை உணர்த்தியதை, இத்தனை உயிர்களைக் கொடுத்த பின்னும் நாம் கற்றோமில்லை.

சிற்றறையிலும் ஒரு நுட்பம் உண்டு. குளிருக்காகச் சன்னல்களை அடைத்து அமர்வது மனித இயல்பு. இயந்திரப் புகை அவ்வறையுள் தேங்கினால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உயிரையே குடித்துவிடும். அன்றியும், மூடிய அறையோடு படகு கவிழ்ந்தால், உயிர்காப்புச் சட்டையே அணிந்தவரை மேலெழுப்பிக் கூரையோடு அழுத்தி, வெளியேற விடாமல் தடுக்கும். ஆகவே அறை தாழ்வாகவும், காற்றோட்டம் உடையதாகவும், பின்புறம் திறந்ததாகவும் இருத்தல் நன்று. உயிர்காப்புச் சட்டை ஆளுக்கொன்று வேண்டும். அதனை இருக்கைக்கு அடியில் வைப்பதில் பயனில்லை. அணிந்தே இருத்தல் வேண்டும். பெரியவர் சட்டை குழந்தையின் தலை வழியே கழன்றுவிடும்; குழந்தைக்கு அதன் அளவிலேயே, கால்களுக்கிடையே வார் கட்டும் சட்டை வாங்க வேண்டும். இயந்திரம் நின்றுபோனால் கைகொடுக்கத் துடுப்பும் நங்கூரமும் தேவை. இயந்திரக் கலங்களுக்குப் பதிவும் ஆய்வும் வேண்டுமென 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வலியுறுத்துவதையும் மறத்தலாகாது.

ஓட்டும் இடமும் தேர்வின் ஒரு பகுதியே. கழி அமைதியாக இருக்கும் நாளிலும் முகத்துவாரம் சீறும். வடியும் நீரும் வரும் அலையும் மோதுமிடத்தில் சிறு படகு தாங்காது; மணல்மேடுகளும் அங்கே இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆதலின் குடும்பப் படகு முகத்துவாரத்தைக் கடவாது கழிக்குள்ளேயே உலவுதல் வேண்டும். அங்கே காண்பதற்கு என்ன குறை? சுரபுன்னையும் கண்டலும் தில்லையும் செறிந்த பிச்சாவரம் 2022ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின்போது அக்காடு தன் பின்னிருந்த சிற்றூர்களுக்கு அரணாய் நின்றது. அதன் குறுகிய கால்வாய்களுக்குள் பெரிய இயந்திரப் படகு நுழைய இயலாது. துடுப்புப் படகே நுழையும். வேர்கள் வளைந்து நீரைத் தொடும் அழகைச் சிறிய படகில் செல்வோரே அருகிருந்து காண்கின்றனர்.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். மாடிப் படகின் படங்களை மைத்துனர் மடித்து வைத்தார். அடி அகன்ற, தாழ்ந்த கூரையும் திறந்த பின்புறமும் உடைய பைபர் படகே நம் வீட்டுக்கு ஏற்றது என முடிவாயிற்று. ஏறுவோர் தொகை எட்டைத் தாண்டக்கூடாது என்பதும், எஞ்சியோர் கரையில் காத்திருந்து அடுத்த முறை ஏற வேண்டும் என்பதும் வீட்டுச் சட்டமாயின. பிள்ளைகள் முகம் சற்று வாடியது உண்மையே. எனினும் வாடிய முகத்தை மலர்விக்க நாள் பல உண்டு.

“எல்லாம் இறைவன் பார்த்துக்கொள்வான்; சட்டை எதற்கு?” என்பாரும் நம்மிடையே உளர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி கற்பித்தவர்கள் அன்றோ நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்! நூஹ் நபி (அலை) அவர்களும் வெள்ளம் வந்த பின் கலம் கட்டவில்லை. நிலம் காய்ந்திருந்தபோதே கட்டினார்கள். முன்னெச்சரிக்கை இறைநம்பிக்கைக்குப் பகையன்று, அதன் முதற்படி.

மாணவச் செல்வங்களே! விடுமுறையில் தோழரோடு நீர்நிலைக்குச் செல்வீர்கள். ஏறுமுன் எண்ணுங்கள், அணியுங்கள், அமருங்கள். படகில் இடமில்லையெனில் ‘நான் பிறகு வருகிறேன்’ என்று கரையில் நிற்பது கோழைத்தனமன்று, அறிவுடைமை. புறப்பட்ட அனைவரும் நலமே இல்லம் திரும்ப எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக!