வியர்க்கிற கைக்கு ஒரு மரப்பிடி

சென்னையில் மே மாதம் ஏர் பிஸ்டல் பழகுகிறவர்கள், குறியைவிட உள்ளங்கையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். வெளியே கடலோர ஊரின் புழுக்கம். உள்ளே ஏசி ஓடும் பத்து மீட்டர் கூடம். வெயிலில் வண்டி ஓட்டி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். போட்டி தொடங்கப் போகிறது என்று அறிவித்ததும் மறுபடி நனையும். இரண்டாவது வியர்வைக்கு வெயில் காரணமில்லை.

நான் போனது நகரத்தில் உள்ள ஒரு பயிற்சிக் கூடத்துக்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர் கூடிவிட்டார்கள் என்றார் பயிற்சியாளர். "சுடுறதைப் பார்க்க எல்லாரும் வர்றாங்க சார். பின்னாடி ஷெட்ல ஒருத்தர் பிடி ராவிக்கிட்டிருப்பாரு, அவரைப் பார்த்துட்டுப் போங்க" என்று அவரே அனுப்பிவைத்தார்.

தகரக் கொட்டகை. அகலமான பழைய பெஞ்சு, அதில் ஒரு வைஸ், நாலைந்து வகை அரம், உளிகள், உப்புத்தாள் துண்டுகள். ஐம்பதைத் தாண்டிய தச்சர். கட்டிலும் கதவும் செய்துகொண்டிருந்தவர், கூடத்தில் அலமாரி வேலைக்கு வந்த இடத்தில் இந்தத் தொழிலில் சிக்கிக்கொண்டார். துப்பாக்கி அவர் சுட்டதே இல்லை. "எதுக்கு? எனக்குக் கை தெரிஞ்சாப் போதும்" என்கிறார்.

அன்று அவர் முன்னால் நின்றது பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். கையில் புதிதாக வந்திறங்கிய இத்தாலியத் துப்பாக்கி. பிடி எம் அளவு. அவள் கைக்கு எஸ்ஸும் எம்மும் இரண்டுமே சரிவரவில்லை. கம்பெனிகள் கையை மூன்று நான்கு அளவாகப் பிரித்து வைத்திருக்கின்றன. விரல் நீளம், பெருவிரல் மேட்டின் பருமன், உள்ளங்கைக் குழி என்று ஒவ்வொரு கையும் ஒவ்வொரு மாதிரி என்பது தச்சருக்குத் தெரியும்.

"கையை நீட்டு பாப்பா" என்றார். ஒரு சிட்டிகை குங்குமத்தை அவள் உள்ளங்கையில் மெல்லியதாகத் தடவினார். "இப்ப பிடி. அமுக்காத. எப்பவும் பிடிக்கிற மாதிரி பிடி." அவள் பிடித்து, கையை உயர்த்தி, இறக்கினாள். மரத்தில் மூன்று இடத்தில் சிவப்பு அழுத்தமாகப் பதிந்திருந்தது. உள்ளங்கையின் நடு வர வேண்டிய இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒன்றுமே ஒட்டவில்லை. சிவந்த இடத்தில் மரம் தள்ளுகிறது, வெளுத்த இடத்தில் கையும் மரமும் தொடவே இல்லை. தொடாத அந்த இடத்தில்தான் வியர்வை தேங்கும் என்றார். தேங்கினால் அடுத்தடுத்த குண்டுக்குப் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போகும்.

அந்தக் கொஞ்சத்தின் கணக்கைப் பயிற்சியாளர் தாளில் போட்டுக் காட்டினார். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 35 சென்டிமீட்டர். இலக்கு பத்து மீட்டர் தூரத்தில். குறிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் விலகும். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். ஆக, பத்துக்குப் போக வேண்டியது ஏழில் போய் விழும். இப்படி 60 குண்டு, 75 நிமிடம், ஒற்றைக் கையில். துப்பாக்கியின் எடை ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் கையைத் தாழ்த்தி, மறுபடி எடுத்து, அதே இடத்தில் அதே அழுத்தத்தில் பிடிக்க வேண்டும்.

பிடியிலும் சட்டம் உண்டு. மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும், மரம் அதைத் தொடக் கூடாது. பழைய 50 மீட்டர் பிஸ்டலில் கை முழுவதையும் மூடிக்கொள்ளும் பிடிக்கு அனுமதி இருந்தது. அதற்குள் கை போய்விட்டால் வியர்த்தாலும் நழுவ இடமில்லை. 2016 ரியோவுக்குப் பிறகு அந்தப் போட்டி ஒலிம்பிக்கில் இல்லை.

தச்சர் அரத்தை எடுத்தார். சிவந்த இடத்தை நாலு இழுப்பு ராவி, ஊதி, மறுபடி குங்குமம். பிறகு மறுபடி ராவல். குழி விழுந்த இடத்துக்கு மர மக்கு பிசைந்து அப்பி, ஈரமாக இருக்கும்போதே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, அதன் மேல் அவளைப் பிடிக்கச் சொன்னார். விரல் ரேகை வரை பதிந்தது. காய ஒரு ராத்திரி ஆகும்.

தேக்கில் ஏன் செய்வதில்லை என்று கேட்டேன். நம் ஊர்க்காரர் எவரும் கேட்கும் கேள்விதான். "தேக்குல எண்ணெய் இருக்கு சார். மக்கு நிக்காது, உரிஞ்சு வரும்" என்றார். வால்நட் நெருக்கமான மரம், எளிதில் முறுக்காது, நுணுக்கமான வேலைக்கு விட்டுக்கொடுக்கும். ஜெர்மனியின் ரிங்க், நில் போன்ற பிடிக் கம்பெனிகளும் வால்நட்டைத்தான் பெரிதும் நம்புகின்றன. சுவிட்சர்லாந்தின் மொரினி, பிடி செய்வதில் தொடங்கித்தான் துப்பாக்கிக்கே வந்தது. வார்னிஷ் மட்டும் கூடவே கூடாது. பார்க்கப் பளபளக்கும், நனைந்த கையில் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் ஒரு கை தேய்த்துத் துடைத்துவிட்டால் போதும்.

நான் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்தது அதற்கு அடுத்த வேலையை. கூர் மழுங்கிய ஒரு குத்தூசி, சின்னச் சுத்தி. வழவழப்பாக ராவி முடித்த மரத்தின் மேல் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே போகிறார். அம்மி கொத்துகிற மாதிரியேதான். கொத்தாத அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும், கொத்தினால் பிடித்துக்கொள்ளும். இங்கே புள்ளிகளுக்கு நடுவே மேடாக நிற்கும் மரம் தோலைப் பிடிக்கிறது, பள்ளத்தில் வியர்வை இறங்கிக்கொள்கிறது. ஆழமாகக் குத்தினால் அறுபது குண்டுக்குள் தோல் உரிந்துவிடும், மேலாகக் குத்தினால் ஒரு வருஷத்தில் தேய்ந்துவிடும். எவ்வளவு ஆழம் என்று கேட்டதற்குத் தன் கட்டைவிரலால் மரத்தை ஒருமுறை தடவிக் காட்டினார். அவரிடம் இருக்கும் அளவுகோல் அவ்வளவுதான்.

வியர்வையையே நிறுத்த முடியாதா? எல்லாப் பெற்றோரும் இதைத்தான் கேட்கிறார்களாம். உள்ளங்கை வியர்வை உடம்பைக் குளிர்விக்க வருவதைவிட மனப் பதற்றத்துக்கு வருவதே அதிகம். போட்டியில் பதறாத கை கிடையாது. நடுக்கத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் இந்த விளையாட்டில் தடை செய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங்கில் வடகொரியாவின் கிம் ஜாங் சு அப்படி ஒரு மாத்திரையால்தான் இரண்டு பதக்கங்களையும் இழந்தார். அந்த மாத்திரையும் உள்ளங்கையைக் காய வைக்காது. வியர்வைச் சுரப்பியைத் தூண்டும் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருள் வழியே வேலை செய்கிறது.

மற்ற உபாயங்களிலும் தச்சருக்குப் பெரிய மதிப்பில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் பூசும் மக்னீசியம் கார்பனேட் தூளைப் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். கை காயத்தான் செய்கிறது, ஆனால் அவர் குத்திய புள்ளிகளெல்லாம் மாவாக அடைத்துக்கொள்கின்றன, விசைக்குள்ளும் தூசி இறங்குகிறது. முகப் பவுடர் அதைவிட மோசம். பருத்தித் துண்டு ஒன்று, குண்டுக்குக் குண்டு துடைப்பது, பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை புள்ளிகளைச் சுத்தம் செய்வது. அவர் சொல்வது இவ்வளவே. எலும்பாகக் காய்ந்த கையும் நல்லதில்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. லேசான ஈரப்பதம் இருந்தால்தான் தோல் மரத்தில் ஒட்டும், அளவு மீறினால்தான் வழுக்கும்.

நழுவுகிறது என்ற பயத்தில் இறுக்கிப் பிடிப்பதுதான் பெரிய வியாதி என்றார் பயிற்சியாளர். இறுக்கினால் முன்கை நடுங்கும், முன்குறி துடிக்கும், அதைப் பார்த்து மனசு பதறும், இன்னும் வியர்க்கும். நடுவிரலும் மோதிர விரலும் நேராகப் பின்னால் இழுத்தால் போதும். பெருவிரல் சும்மா கிடக்க வேண்டும், சுண்டுவிரல் அமுக்கக் கூடாது. பிடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் வைத்திருக்கும் சோதனை எளிது. கண்ணை மூடிக் கையை உயர்த்து, திற. இரண்டு குறிகளும் தானாக நேர்கோட்டில் நின்றால் மரம் சரி. ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் பிள்ளையைத் திட்டுவதில்லை, கொட்டகைக்கு அனுப்புகிறார்.

அங்கே டீ குடிக்க வந்திருந்த, போலீஸ் துப்பாக்கிகளைப் பராமரித்த பழைய ஆர்மரர் ஒருவருக்கு இதெல்லாம் சொகுசாகத் தெரிந்தது. "எங்களுக்கு யாரு சார் கை அளவு எடுத்தா? ஒரே பிடி, ஆயிரம் கை" என்றார். பந்தோபஸ்தில் கை வழுக்கும் என்று சைக்கிள் டியூபை வெட்டிப் பிடியில் மாட்டிக்கொண்டவர்களை அவர் பார்த்திருக்கிறார். வெப்ளி போன்ற பழைய ரிவால்வர்களின் பிடிக்கு அடியில் ஒரு வளையம் இருக்கும், அதில் கயிறு கோத்துத் தோளில் மாட்டுவார்கள். கை விட்டாலும் கயிறு விடாது. இப்போது சொரசொரப்பு அச்சிட்ட பிளாஸ்டிக் பிடிகள் வந்துவிட்டன. அவர் வருத்தம் வேறு: வியர்வையின் உப்பு இரும்பைத் தின்னும், சுட்டு முடித்துக் குழலைத் துடைக்கிறவன் பிடிப் பக்கத்தைத் துடைப்பதில்லை.

இடக்கைக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். கடையில் இருப்பதெல்லாம் வலக்கைப் பிடி, இடதுக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். ஹங்கேரியின் கரோலி டகாச் 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை சிதைந்தபின் இடக்கையால் பழகி 1948-லும் 1952-லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். இந்தக் கதை எல்லாப் பயிற்சிக் கூடத்திலும் சொல்லப்படுகிறது. அந்த இடக்கைக்குப் பிடி செதுக்கியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

நம் தச்சருக்குக் கூடத்தில் மாதச் சம்பளம் கிடையாது. பிடிக்கு இவ்வளவு என்று கூலி, அதுவும் பெற்றோர் பேரம் பேசிக் கொடுப்பது. லட்சத்தைத் தாண்டும் துப்பாக்கிக்குப் பேரம் பேசாதவர்கள் இந்தக் கூலிக்குப் பேசுகிறார்கள். அவரிடம் கற்றுக்கொள்ள இதுவரை ஒரு பையனும் வரவில்லை.

பயிற்சிக் கூடம் நடத்துகிறவர்கள் இலக்கு எந்திரத்துக்கும் ஏசிக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து இப்படி ஒருவருக்கு மாதச் சம்பளமும், அவருக்குக் கீழே ஒரு பையனுக்கு உதவித்தொகையும் கொடுக்கலாம். பிள்ளைக்குத் துப்பாக்கி வாங்கப் போகும் பெற்றோருக்கும் ஒன்று: தள்ளுபடியில் கிடைக்கிறது என்று கைக்குப் பொருந்தாத அளவை வாங்காதீர்கள். முதலில் பிள்ளையின் கையை அளந்து பிடியை முடிவு செய்யுங்கள். எந்தக் கம்பெனித் துப்பாக்கி என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.