தெட்போர்டில் இரு சிலைகள்

லண்டனுக்கு வடகிழக்கே, நார்போக் ஜில்லாவில், லிட்டில் ஊஸ் நதிக்கரையில் உள்ளது தெட்போர்டு என்னும் பழைய சந்தையூர். ஒரு சனி, ஞாயிறு விடுமுறையில் அதைக் காணச் சென்றோம்.

நார்மானியர் எழுப்பிய கோட்டை மேடு குன்றுபோல் நிற்கிறது. கடைவீதியருகே, கையில் இறகுப் பேனாவும் 'மனிதனின் உரிமைகள்' நூலும் தாங்கிய தாமஸ் பெயினின் சிலையைக் கண்டோம். அமெரிக்க சுதந்திரத்துக்காக எழுதிய அப்பெரியார் 1737-இல் இங்கே பிறந்தவர்.

அங்கிருந்து சற்று நடந்து, ஆற்றிடைத் தீவை அடைந்ததும் திகைத்து நின்றோம். குதிரை மீது ஒரு சீக்கிய மன்னர்! 1999-இல் திறக்கப்பெற்ற துலீப் சிங்கின் சிலை அது. 1849-இல், பத்து வயதுப் பாலகனான அவரிடமிருந்து கும்பெனியார் பஞ்சாப் ராஜ்யத்தைப் பறித்தனர். கோஹினூர் வைரமும் போயிற்று. பின்னாளில் அவர் அருகிலுள்ள எல்விடனில் வாழ்ந்தார். 1886-இல் தாய்நாடு திரும்பப் புறப்பட்டவரை ஏடனிலேயே தடுத்துவிட்டனர். 1893-இல் பாரிஸில் இறந்த அவரது சமாதி எல்விடனில் இருக்கிறது.

ஊரின் பொருட்காட்சிசாலையாக விளங்கும் புராதன வீட்டை 1921-இல் தானமளித்தவர் அவருடைய புதல்வர் பிரெடரிக். பறித்தவர் நாட்டில் கொடுத்தவர் பெயர் நிலைத்திருப்பது கண்டு, பெருமையும் துயரமும் ஒருங்கே அடைந்தோம்.